அரிவாள் தெரிகிறதா: ‘கிரஹாம் குழந்தைகள்’ ஓவியத்தின் ஓர் அச்சுப்பிரதி பற்றி

ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1742-இல் வரைந்த ‘கிரஹாம் குழந்தைகள்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தின் அச்சுப்பிரதி ஒன்றை, புகழ்பெற்ற ஓவியங்களை அச்சிட்டு வீட்டுக்கே அனுப்பிவைக்கும் லண்டன் கடை ஒன்றிடமிருந்து வாங்கினேன். முதலில் வந்த பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தது எங்கள் வீட்டு நடைபாதைச் சுவரில் தொங்குகிறது. அதில் எனக்கு முழுத் திருப்தி என்றே சொல்லலாம். இரண்டு பிரதிகளுடனும் இணைத்து அனுப்பப்பட்ட விளக்கத் தாளில் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. கடையின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், ஏனெனில் நான் சொல்லவிருக்கும் குறைகளை வேறு கடைகளின் பிரதிகளிலும் கண்டிருக்கிறேன். இந்த ஓவியத்தை வாங்க நினைப்பவருக்கு எந்தக் கடை என்பதைவிட எதைச் சரிபார்த்து வாங்க வேண்டும் என்பதே பயன்படும்.

மூல ஓவியம் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரியின் சேகரிப்பில் இருக்கிறது. 1934-இல் கலைப்பொருள் வணிகரான டுவீன் பிரபு அதை அந்தக் கூடத்துக்கு வழங்கினார். ஏறத்தாழ 160 செ.மீ. உயரமும் 181 செ.மீ. அகலமும் கொண்ட பெரிய படம் அது. அதன் முன் நிற்பவருக்கு அந்தக் குழந்தைகள் கிட்டத்தட்ட உயிருள்ள குழந்தைகளின் அளவிலேயே தெரிவார்கள். என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவளை அழைத்துச் சென்றிருந்தேன். நான் படத்தில் உள்ள மூத்த சிறுமி ஹென்றியெட்டாவின் நீல உடையையும் அதன்மேல் கிடக்கும் மெல்லிய வெள்ளை ஏப்ரனையும் பார்த்து, துணியின் வழியாகத் துணி தெரிவதை எண்ணெய் வண்ணத்தில் எப்படிக் கொண்டுவந்தார் என்று வியந்துகொண்டிருந்தேன். அவளோ வலப்பக்க ஓரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அப்பா, அந்தப் பூனை கூண்டை எட்டிடுமா?” என்று கேட்டாள். படத்தில் ஒரு பூனை இருக்கிறது என்பதையே நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பிரதியை வாங்கினேன். அதனால், பூனையும் அதோடு சேர்ந்த மற்றவையும் பிரதியில் எவ்வளவு பிழைத்திருக்கின்றன என்பதே என் அளவுகோலாயிற்று.

ஓவியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஜார்ஜ் அரசருக்கு மருந்தாளராக இருந்த டேனியல் கிரஹாமின் நான்கு குழந்தைகள் ஓர் அறையில் இருக்கிறார்கள். இடப்பக்கத்தில் சின்னஞ்சிறு வண்டி ஒன்றில் கைக்குழந்தை தாமஸ் அமர்ந்திருக்கிறான். அவன் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் செர்ரிப் பழங்களைத் தூக்கிக் காட்டியபடி மூத்தவள் ஹென்றியெட்டா கேத்தரின் நிற்கிறாள். நடுவில் பூவேலை செய்த உடையின் இரு பக்கங்களையும் விரல்களால் பற்றிக்கொண்டு அன்னா மரியா நடன நிலையில் இருக்கிறாள். வலப்பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து, கைப்பிடியைச் சுழற்றினால் இசைக்கும் சிறு பெட்டி ஒன்றை ரிச்சர்ட் ராபர்ட் இயக்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மேலே கூண்டில் ஒரு கோல்ட்ஃபின்ச் பறவை. அவன் முதுகுக்குப் பின்னே, நாற்காலியின் சாய்வில் நகங்களைப் பதித்து எழும்பி, கண்களை அகல விரித்துப் பறவையையே பார்க்கிறது ஒரு வரிப்பூனை.

ரிச்சர்டின் முகத்தில் இருக்கும் புன்னகையிலிருந்துதான் இந்தப் படத்தைப் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அவன் கையில் இருப்பது செரினெட் எனப்படும் பறவை ஆர்கன். உள்ளே முட்கள் பதித்த ஓர் உருளையும், சிறு துருத்தியும், மெல்லிய குழல்களும் இருக்கும். கைப்பிடி சுழலும்போது உருளையின் முட்கள் குழல்களை வரிசையாகத் திறக்க, ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். கூண்டுப் பறவைகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. பறவை சிறகடித்துத் துடிப்பதைப் பார்க்கும் சிறுவன், தன் இசைக்கு அது பாடுகிறது என்று எண்ணி மகிழ்கிறான். பறவையோ பூனையைக் கண்டு அஞ்சித் துடிக்கிறது. அவன் பார்ப்பது பொய்யில்லை, பறவை துடிப்பது உண்மைதான். அதற்கு அவன் கற்பித்துக்கொள்ளும் காரணம்தான் தவறு. பார்க்கும் நமக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அவன் அறியாததை நாம் அறிந்திருக்கும் இந்த நிலையில்தான் படத்தின் முழுப் பாரமும் இருக்கிறது.

இனி முதல் பிரதிக்கு வருகிறேன். 80 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட அளவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபிரேம்களுக்குப் பொருந்துவது அந்த அளவு. மூல ஓவியத்தின் விகிதப்படி 80 செ.மீ. அகலத்துக்கு உயரம் ஏறக்குறைய 71 செ.மீ. இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை, கடையின் வலைப்பக்கமும் எச்சரிக்கவில்லை. அந்த 11 செ.மீ. எங்கே போயிற்று என்பது உறையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. மேலே கொஞ்சமும் கீழே பெரும்பகுதியுமாக வெட்டியிருந்தார்கள். முகங்கள் நான்கும் இருந்தன. அதுவே போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் தரையில் வைக்கப்பட்டிருக்கும் வெள்ளிக் கூடையும் அதன் பழங்களும் பாதியில் நின்றன, குழந்தையின் வண்டி எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை.

வெட்டியதைக்கூட ஒருவகையில் பொறுத்துக்கொண்டிருப்பேன். நிறத்தில் செய்திருந்த வேலையைப் பொறுக்க முடியவில்லை. கண்ணைக் கவர வேண்டும் என்று நிறங்களின் செறிவைக் கூட்டியிருந்தார்கள். அதனால் ஹென்றியெட்டாவின் நீலம் பளீரென்று முன்னே பாய்ந்தது, ஏப்ரனின் மென்மை போய் அது வெறும் வெள்ளைப் பட்டையாயிற்று. நிழல்களோ ஒன்றோடொன்று கலந்து கட்டிக் கறுப்பாகிவிட்டன. பின்னணியில் பழுப்பும் கருமையும் எத்தனையோ படிகளில் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பியதுபோல் ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள் போய்விட்டது கடிகாரம்.

கடிகாரம் இல்லாமல் இந்த ஓவியம் அழகான ஒரு குடும்பப் படம், அவ்வளவுதான். குழந்தைகளுக்குப் பின்னே, இடப்பக்கத்தில், அலங்காரமான கடிகாரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் குழந்தை வடிவக் காதல் தெய்வமான கியூபிட்டின் சிறு உருவம் நீண்ட பிடியுள்ள அரிவாளைத் தாங்கியபடி, ஒரு மணற்கடிகாரத்தின் அருகே நிற்கிறது. அரிவாளும் மணற்கடிகாரமும் காலத்துக்குரியவை, காலம் கொண்டுவரும் சாவுக்கும் உரியவை. ஐரோப்பிய ஓவியர்கள் அவற்றைப் பெரும்பாலும் சிறகும் நரைத்த தாடியும் கொண்ட கிழவனின் கையில் கொடுப்பார்கள். ஹோகார்த் இங்கே அவற்றைக் குழந்தை உருவம் ஒன்றிடம் கொடுத்திருக்கிறார். இந்த அரிவாளின் காரணம் வண்டியில் இருக்கும் குழந்தை. 1740-இல் பிறந்த தாமஸ், 1742-இன் தொடக்கத்திலேயே இறந்துவிட்டான். ஓவியம் முடிந்தபோது அவன் உயிரோடு இல்லை.

இதை அறிந்த பின் திரும்பவும் இடப்பக்கத்தைப் பார்க்கும்போது ஹென்றியெட்டா தம்பியின் கையைப் பற்றியிருக்கும் விதமே வேறாகத் தோன்றுகிறது. அவள் தூக்கிப் பிடித்திருக்கும் செர்ரி, கிறித்தவ ஓவிய மரபில் சொர்க்கத்தின் கனி. குழந்தை அதை நோக்கிக் கை நீட்டுகிறான், பழமோ அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அக்காள் தம்பிக்குப் பழத்தைக் காட்டி விளையாடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். அந்த அன்றாட விளையாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் இன்னொரு பொருளையும் வைக்க முடிந்தது என்பதால்தான் ஹோகார்த்தை நான் இவ்வளவு மதிக்கிறேன். கூண்டில் இருக்கும் கோல்ட்ஃபின்ச்சும் அப்படித்தான். முள்முடியிலிருந்து முள்ளைப் பிடுங்கியபோது ஏசுவின் இரத்தம் பட்டு அதன் முகம் சிவந்தது என்று ஒரு பழைய கதை உண்டு; அதனால் அது துன்பத்தோடும் மீட்போடும் தொடர்புபட்ட பறவை. அதே சமயம் அன்றைய இங்கிலாந்து வீடுகளில் குழந்தைகள் விரும்பி வளர்த்த பறவையும் அதுவே.

இவ்விடத்தில் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். குறியீட்டு அகராதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பொருள் எழுதிக்கொண்டே போனால், கடைசியில் ஓவியம் விடுகதையாகிவிடும். குழந்தையின் காலடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கும் கார்னேஷன் மலர்களைக் கல்லறையில் வைக்கும் மலர்களோடு ஒப்பிடுவார்கள். அந்த வாசிப்பு இடத்துக்குப் பொருந்துகிறது, ஏனெனில் மலர்கள் கிடப்பது தாமஸின் அருகே. ஆனால் கூடையில் உள்ள ஒவ்வொரு பழத்துக்கும் அப்படி ஒரு பொருளைத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; ஹோகார்த் இளமையில் வெள்ளிப் பாத்திரங்களில் சித்திரம் செதுக்கும் தொழிலில் பயிற்சி பெற்றவர், வெள்ளியின் மினுக்கத்தை வரைவதில் அவருக்கு இருந்த ஆசையும் அந்தக் கூடைக்குப் போதுமான காரணம்தான். ஒரு பொருளின் குறியீட்டை ஏற்பதற்கு முன், படத்தில் அது எங்கே இருக்கிறது, யார் அதைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று கேட்க வேண்டும். பூனைக்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை. எட்டு வயதுச் சிறுமிக்கே அது எதற்காக அங்கே இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிட்டது.

அகராதியில் கிடைக்காத ஒன்றை ரிச்சர்டின் இசைப்பெட்டியில் கண்டேன். அதன் பக்கப்பலகையில் கிரேக்கப் புராணத்தின் இசைஞன் ஆர்ஃபியஸ் தன் இசையால் விலங்குகளை மயக்கும் காட்சி வரையப்பட்டிருக்கிறது. பெட்டியில் இருக்கும் விலங்குகள் இசைக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன. பெட்டிக்கு வெளியே இருக்கும் பூனை கட்டுப்படவில்லை. ஆர்ஃபியஸின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. இறந்துபோன மனைவியை மீட்க அவன் பாதாள உலகுக்கே போனான், இசையால் அங்குள்ளவர்களையும் இளகவைத்தான், ஆனாலும் அவளைத் திரும்பக் கொண்டுவர அவனால் இயலவில்லை. ஓவியர் அந்தப் பகுதியையும் நினைத்தே இதை வரைந்தார் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒரு மகனை இழந்த வீட்டில் மாட்டுவதற்கான படத்தில் ஆர்ஃபியஸ் இருக்கும்போது, அதைப் பார்க்கும் பெற்றோருக்குக் கதையின் மீதி நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. அரசருக்கே மருந்து கலந்து கொடுத்த ஒருவரால் தம் சொந்தக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. தினமும் அவர் பார்த்திருக்கக்கூடிய சுவரில், எதுவும் அறியாமல் சிரிக்கும் மூத்த மகனும், அவன் பின்னே பூனையும், கடிகாரத்தின் மேல் அரிவாளும் இருந்தன.

ஆர்ஃபியஸ் காட்சி முதல் பிரதியில் ஒரு பழுப்புக் கறையாக இருந்தது. நேஷனல் கேலரியின் வலைத்தளத்தில் இந்த ஓவியத்தை மிகப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு பிரதியோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டேன். அந்த வசதியை மனமாரப் பாராட்ட வேண்டும், நேரில் கயிற்றுக்கு இப்பால் நின்று பார்க்க முடியாததையெல்லாம் அதில் பார்க்க முடிகிறது. வெட்டப்பட்ட பகுதி, கடிகாரம், பெட்டியின் பலகை, பூனையின் முன்னங்கால் ஆகிய நான்கையும் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பி, அரிவாள் தெரியாத பிரதி எனக்குப் பயன்படாது என்று எழுதினேன். கடையினர் மறுப்பேதும் சொல்லவில்லை. செறிவு கூட்டாத கோப்பிலிருந்து, எதையும் வெட்டாமல், 90 செ.மீ. அகலமும் 80 செ.மீ. உயரமுமாக, அதாவது மூலத்தில் ஏறத்தாழப் பாதி அளவில், புதிதாக அச்சிட்டு 11 நாட்களில் அனுப்பினார்கள். விலையில் இருந்த வேறுபாட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் சேர்த்து ஃபிரேம் இல்லாமல் 68 பவுண்டு ஆயிற்று.

பிரதிகளைப் பற்றி இவ்வளவு கறாராக இருப்பது மிகை என்று யாருக்காவது தோன்றினால், ஹோகார்த்தே இதில் என்னைவிடக் கறாரானவர் என்பதைச் சொல்ல வேண்டும். 1732-இல் அவர் வெளியிட்ட ‘ஒரு விலைமாதின் பயணம்’ என்னும் அச்சுத் தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றதும், வேறு அச்சகத்தார் அதைக் கண்டபடி நகலெடுத்து மலிவாக விற்றார்கள். அதைத் தடுக்க அவரும் வேறு சில செதுக்குக் கலைஞர்களும் சேர்ந்து நாடாளுமன்றத்தை அணுகினார்கள்; அதன் பயனாக வந்த 1735-ஆம் ஆண்டுச் சட்டம் செதுக்குச் சித்திரங்களுக்கு 14 ஆண்டு பதிப்புரிமை அளித்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூன் 25 வரைக்கும் தம் அடுத்த தொடரை வெளியிடாமல் காத்திருந்தார் அவர். இன்றைக்கும் அதை ஹோகார்த் சட்டம் என்றே குறிப்பிடுகிறார்கள். பிழைபட்ட நகலுக்கு எதிராக நாடாளுமன்றம் வரை போன ஓவியரின் படத்தைக் கத்தரித்து விற்கிறோம் என்பது கடைக்காரர்களுக்கு நினைவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பிரதி பருத்தி கலந்த, பளபளப்பில்லாத தடித்த தாளில் அச்சிடப்பட்டது. கேன்வாஸ் துணியிலும் அச்சிட்டுத் தருவார்கள், மூலத்தைப் போலவே இருக்கும் என்று கடை அதைத்தான் பரிந்துரைக்கிறது. இந்த ஓவியத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். துணியின் நெசவு, பாதி அளவுக்குச் சுருங்கிய படத்தின் நுட்பமான இடங்களின்மேல் ஏறி நிற்கிறது. கியூபிட்டின் உருவம் ஒரு விரல்கூட இல்லாத அளவில் இருக்கும்போது நெசவு அதை எளிதில் தின்றுவிடும். இந்தத் தாளில் நிழல்களின் படிகள் நன்றாகப் பிரிந்து தெரிகின்றன. கடிகாரம் தானாக முன்வந்து நிற்கவில்லை, தேடினால் கிடைக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும், மூலத்திலும் அது உடனே கண்ணில் படுவதில்லை. அரிவாளின் வளைவைக் கண்டுகொள்ள முடிகிறது. பூனையின் விரிந்த கண்களும் நாற்காலியில் பதிந்த நகங்களும் தெளிவாக இருக்கின்றன. ஏப்ரனின் மென்மை மூலத்தில் உள்ளதில் முக்கால் பங்கு வந்திருக்கிறது என்பேன். அச்சில் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆர்ஃபியஸ் காட்சியைப் பொறுத்தவரை உருவங்கள் இருக்கின்றன என்று தெரிகிறது, எந்த விலங்கு எது என்று பிரித்தறிய முடியவில்லை. அதற்குப் பெரிய அளவில் வாங்க வேண்டும், எங்கள் சுவரில் அதற்கு இடமில்லை.

கண்ணாடி போட்டு மாட்டுவதாக இருந்தால் ஒளியைத் திருப்பாத வகைக் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். நான் முதலில் சாதாரணக் கண்ணாடி போட்டேன். சன்னலுக்கு எதிரே மாட்டியதால் படத்தின் இருண்ட பகுதிகளில் எல்லாம் என் முகமே தெரிந்தது.

இனி விளக்கத் தாள். ஒரு பக்கத்துக்கு மேற்படாத அந்தத் தாளை, பிரதி வாங்கும் பலரும் படித்துவிட்டு, படத்தைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள வேறொன்றும் இல்லை என்று நம்பக்கூடும் என்பதால்தான் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ‘தன் மூன்று தங்கைகளுக்கு இசைத்துக் காட்டும் அண்ணன், இசையில் மயங்கிப் பாடும் பறவை, கவலையறியாக் குழந்தைப் பருவத்தின் கொண்டாட்டம்’ என்ற பொருள்பட அது எழுதப்பட்டிருக்கிறது. ஹென்றியெட்டா அவனுக்கு அக்காள், தங்கை அல்ல. பறவை பாடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாமஸ் பெண் குழந்தை அல்ல. அந்தத் தாளை எழுதியவர் ரிச்சர்ட் அமர்ந்திருக்கும் நாற்காலியிலேயே தாமும் அமர்ந்துகொண்டு, அவன் நம்புவதையே நம்பிவிட்டார். அவனிடமிருந்து ஓவியர் மறைத்துவைத்ததைப் பார்ப்பவருக்குக் காட்டியிருக்கிறார் என்பதைத் தவறவிட்டார்.

தாமஸைப் பெண் என்று கொண்டது எவருக்கும் நேரக்கூடிய பிழை, காரணம் அவன் அணிந்திருப்பது நீண்ட அங்கி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண் குழந்தைகளும் முதல் சில ஆண்டுகள் பெண் குழந்தைகளைப் போலவே அங்கிதான் அணிந்தார்கள். சிறுவனுக்கு முதன்முதலாகக் கால்சட்டை அணிவிப்பது குடும்பத்தில் தனியாகக் குறிப்பிடத்தக்க நிகழ்வு. அன்றுமுதல் அவன் குழந்தைகள் கூட்டத்திலிருந்து விலகி ஆண்மகனாக எண்ணப்படத் தொடங்குவான். இந்தச் செய்தி உடை வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று, படத்தின் பொருளுக்கும் உரியது. வலப்பக்கத்தில் கால்சட்டையும் கோட்டும் அணிந்து பெரியவனைப் போல அமர்ந்திருக்கும் ரிச்சர்டையும், இடப்பக்க ஓரத்தில் அங்கியோடு இருக்கும் தாமஸையும் ஒரே பார்வையில் பார்த்தால், சிறியவன் ஒருநாள் எந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது தெரியும். அந்த அகலத்தைக் கடக்க அவனுக்கு வாய்க்கவில்லை. தாமஸைச் சிறுமி என்று சொல்லிவிட்டால் படத்தின் இரு ஓரங்களுக்கும் இடையில் இருக்கும் அந்த உறவே அறுந்துபோகிறது.

‘கவலையறியா’ என்ற சொல்லும் என்னை உறுத்தியது. ஹோகார்த்துக்கும் அவர் மனைவிக்கும் குழந்தைகள் இல்லை. ஆனால் லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகக் கேப்டன் தாமஸ் கோரம் 1739-இல் அரச சாசனம் பெற்று நிறுவிய இல்லத்தின் தொடக்க ஆளுநர்களில் அவரும் ஒருவர். 1740-இல் கோரமின் உருவப்படத்தை வரைந்து அந்த இல்லத்துக்கே கொடுத்தார். 1741 மார்ச்சில் அங்கே முதல் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள், மறு ஆண்டில் கிரஹாம் வீட்டுக் குழந்தைகளை வரைந்தார். குழந்தையின் உயிர் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் ஒருங்கே பார்த்தவர் அவர். அப்படிப்பட்டவர் வரைந்த படத்தைக் கவலையறியாதது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில் இதைத் துக்கப் படம் என்று மட்டும் சொல்வதும் சரியாகாது. அன்னா மரியா நடனமாடுகிறாள், ரிச்சர்டின் மகிழ்ச்சி பொய்யானதில்லை, ஹென்றியெட்டா நம்மை நேராகப் பார்க்கிறாள். உயிரோடிருக்கும் மூவரின் துள்ளலை அவர் குறைத்து வரைந்துவிடவில்லை. இறந்தவனையும் தனியே ஒரு மூலையில் நிழலாக வைத்துவிடாமல் அக்காளின் கையைப் பிடித்தபடி மற்றவர்களோடு சேர்த்தே வைத்திருக்கிறார்.

இந்த ஓவியத்தோடு நேஷனல் கேலரியிலேயே இருக்கும் தாமஸ் கெய்ன்ஸ்பரோவின் ‘பூனையோடு ஓவியரின் மகள்கள்’ படத்தையும் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அதில் சிறுமிகளின் கைகளில் இருக்கும் பூனை முழுமையாக வரையப்படாமல் வெறும் கோடுகளாகவே நிற்கிறது. நிறத்தைக் கூட்டி நிழலைக் கட்டியாக்கும் அச்சில் அந்தப் பூனை இருந்த இடமே தெரியாமல் போகும். ஆகவே எந்தக் கடையில் வாங்கினாலும், அச்சிடுமுன் இருண்ட பகுதியின் சிறு துண்டு ஒன்றை மாதிரியாக அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முகங்களின் மாதிரியைக் கேட்டுப் பயனில்லை, முகங்களை எல்லாக் கடைகளும் நன்றாகத்தான் அச்சிடுகின்றன.

பிரதியை மாட்டிய அன்று என் மகள் நாற்காலி போட்டு ஏறி நின்று வெகுநேரம் பார்த்தாள். பூனையை உடனே கண்டுகொண்டாள். கடிகாரத்தின் மேல் இருக்கும் உருவத்தைத் தானாகவே கண்டுபிடித்து, அதன் கையில் என்ன என்று கேட்டாள். அரிவாள் என்றேன். அது எதற்கு என்று கேட்டபோது தாமஸைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த அண்ணனுக்குத் தம்பி செத்துப்போனது தெரியுமா, தெரியாதா?” என்றாள். படம் முடிந்தபோது தெரிந்திருக்கும், ஆனால் படத்துக்குள் இருக்கும் ரிச்சர்டுக்குத் தெரியாது என்று பதில் சொன்னேன். அந்த வேறுபாடு அவளுக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன்.

விளக்கத் தாளில் உள்ள மூன்று பிழைகளையும் குறித்துக் கடைக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு வாரங்களுக்குள் பதில் வந்தது; அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளைகளின் நான்கு பெயர்களையும் சேர்க்கும்படி நான் கேட்டதற்கும் இசைந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் அவர்களிடமே இன்னொரு பிரதிக்கும் சொல்லியிருக்கிறேன். ஹோகார்த் 1747-இல் வரைந்து, டப்ளினில் உள்ள அயர்லாந்து நேஷனல் கேலரியில் இருக்கும் ‘மெக்கினன் குழந்தைகள்’ அது. அக்காளும் தம்பியும் ஒரு சூரியகாந்திச் செடியின் அருகே இருக்க, தம்பி ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்கப் போகும் கணம். இம்முறை மாதிரித் துண்டு கேட்டிருக்கிறேன்: வண்ணத்துப்பூச்சி இருக்கும் இடத்தை, மூலத்தின் விகிதத்திலேயே, எதையும் வெட்டாமல்.